இறக்கத்துக்கு மோட்டார் எதற்கு?

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை எனக்கு அவ்வளவாக வராது, திட்டத்தான் வரும். திருத்தணியில் என்னிடம் வண்டி கற்றுக்கொண்டவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அதனால் நடந்ததைச் சொல்கிறேன். அதில் நல்ல வார்த்தை ஏதாவது அகப்பட்டால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வாங்க வருகிறவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பது நம் வேலை. விற்பது வேறு ஆட்கள். அவர்கள் விற்ற கையோடு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அப்புறம் அந்த வண்டிக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் நடக்கிற குடித்தனம் முழுக்க நம் தலையில்தான். நான் சேர்ந்தபோது எங்கள் கடையில் சைக்கிள் மட்டும்தான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. முதலாளிக்கே சைக்கிள் ஓட்டத் தெரியாது. அந்த ரகசியம் ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் அது ரகசியமாக இருந்தது. ஒவ்வொரு புது சைக்கிளையும் பெல் அடித்துப் பார்த்து, "சூப்பரா ஓடுது" என்பார்.

நான் கனகம்மாசத்திரத்துப் பக்கம் பயிர் வைக்கிற குடும்பத்துப் பெண். அண்ணன் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டு, அதற்காக அடியும் வாங்கியவள். அந்தக் காலத்தில் பெண்களுக்குச் சைக்கிள் சொல்லித்தர ஒரு பொம்பளை ஆள் வேண்டும் என்று முதலாளி தேடினார். நான் சைக்கிளிலேயே போய் அவர் கடை வாசலில் இறங்கினேன். அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்.

சேர்ந்த புதிதில் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு நர்சம்மா வந்தார். கெட்டிக்காரர். ஏறுவது, திரும்புவது, கூட்டத்தில் புகுந்து வருவது எல்லாம் சடுதியில் பிடிபட்டுவிட்டது. நானும் பூரித்துப்போய் அனுப்பி வைத்தேன். நிறுத்துவதை மட்டும் சொல்லித்தரவில்லை. மைதானத்தில் எப்போதும் நான்தானே ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்துவேன்! அந்தம்மாவும் நிறுத்துவது என்றால் யாராவது வந்து பிடிப்பது என்றே நினைத்துவிட்டார். அப்புறம் அவர் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கோல்கீப்பர் மாதிரி காலை அகட்டிக்கொண்டு நின்றதாகக் கேள்விப்பட்டேன். ஒருநாள் அவர் கடைக்கு நொண்டிக்கொண்டே வந்து, "எம்மா, பிரேக்குன்னு ஒண்ணு கீதாமே, அத்த கொஞ்சம் சொல்லிக் குடுக்கக் கூடாதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து என்னிடம் முதல் பாடம் பிரேக்.

இதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் மணி சாமி.

மணி சாமி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவர். பரம்பரையாக அவர்கள் குடும்பத்துக்கு அதுதான் வேலை. முருங்கைக்காய்க்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி இருப்பார். விடியலில் வீட்டுக் கிணற்றில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு, வழியில் யார் மேலும் படாமல் மலைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு மடி என்று பெயர். பெண்டாட்டி பட்டாலும் போச்சு, பிள்ளை பட்டாலும் போச்சு, மறுபடியும் குளிக்க வேண்டும். பஸ்ஸில் ஏறினால் பத்துப் பேர் இடிப்பார்கள். ஆட்டோ சீட்டில் யார் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அதனால் அவருக்கு வாய்த்தது சைக்கிள் ஒன்றுதான். மலைப்பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறுவார், மத்தியானம் வேலை முடிந்ததும் ஏறி உட்கார்ந்து ஒரே மூச்சில் இறங்குவார்.

அந்த இறக்கத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஊரே பார்க்கும். வேட்டி நுனி காற்றில் படபடக்க, பெடலில் காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து சிரித்தபடி வருவார். மேலே போகும்போது கறாரான மனிதர், யாராவது கிட்டே வந்தாலே "தள்ளு, தள்ளு" என்பார். கீழே வரும்போது பத்து வயசுப் பையன். ஒருமுறை பெல் மாற்ற வந்தபோது, "ஏன் சாமி, எறங்கும்போது மட்டும் அப்டி சிரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"மேல போறது சாமிக்கு. எறங்கறது எனக்கு" என்றார்.

சைக்கிள் ஓட்டுவதில் என்ன சுகம் என்று வாடிக்கையாளர் யாராவது கேட்டால் நான் இந்தப் பதிலைத்தான் இன்றுவரை சொல்லி வந்திருக்கிறேன். என் பதிலாகச் சொல்லி நல்ல பேரும் வாங்கியிருக்கிறேன்.

வருஷங்கள் போயின. மணி சாமிக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற முடியவில்லை. அடிக்கடி தாமதமானது. அவர் தாமதமாகும் நாளில் அடுப்புப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் நாகு. நாகு வேறு யாருமில்லை, மணி சாமியின் பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்த தம்பி. அதே மடப்பள்ளியில் அடுத்த நிலையில் வேலை. மச்சானுக்கும் அத்திம்பேருக்கும் அடுப்பு யாருக்கு என்று தினம் தகராறு. நாகு அக்காள் புருஷனைப் பார்த்து, "பாவா, காலுதான் போச்சே, ஊட்ல குந்திக்கினு ரேடியோ கேக்கறதுதானே?" என்பார். மணி சாமி, "எம் பொணத்து மேல ஏறிப் போய் அடுப்ப மூட்டுடா" என்பார். நடுவில் அகப்பட்ட சரோஜாம்மா, புருஷனுக்கும் தம்பிக்கும் காபி கொடுத்தே ஓய்ந்துபோனார்.

கடைசியில் குடும்பத்துப் பெரியவர் ஒருத்தர் தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் அவரை மாமா என்று கூப்பிடுவார்கள். "வர்ற கிருத்திகைக்கு, மடி கெடாம எவன் முதல்ல மடப்பள்ளி வாசப்படியை மிதிக்கிறானோ அவனுக்கு அடுப்பு. தோத்தவன் அப்புறம் வாயைத் தொறக்கக் கூடாது." இதுதான் அவர் சொன்னது. மணி சாமிக்கு அடுப்பு போனால் மலை போச்சு. மலை போனால் இறக்கமும் போச்சு. அந்த ஆளிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கடைக்குப் பேட்டரி வண்டி வந்தது. அப்போது அது ஊருக்கே புதுசு. பெட்ரோல் வேண்டாம், கியர் இல்லை, லைசென்ஸ் கேட்கமாட்டார்கள். வேகம் கம்மி. தனி ஆளாக இருந்தால் மலை ஏறும், இரண்டு பேர் உட்கார்ந்தால் முதல் வளைவிலேயே கும்பிடு போட்டுவிடும். முதல் நாள் அதை நான் ஓட்டிப் பார்த்தேன். சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. பைபாஸ் பக்கம் மாந்தோப்பு ஓரமாகப் போகும்போது ஏதோ கிணிகிணி என்று கேட்டது. வண்டியில் ஏதோ கழன்றுவிட்டது என்று பயந்து நிறுத்தினேன். பார்த்தால் என் வளையல்! அத்தனை வருஷம் வண்டி ஓட்டியவளுக்கு, ஓடும் வண்டியில் தன் வளையல் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வேண்டுமென்றே இன்னொரு சுற்றுப் போய்விட்டு வந்தேன்.

மணி சாமி வண்டியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, குனிந்து முகர்ந்தார்.

"பெட்ரோல் நாத்தம் இல்ல. பொகை?"

"பொகையும் இல்ல சாமி."

"அப்ப இது சுத்தம்" என்று அங்கேயே தீர்ப்பளித்துவிட்டார்.

கற்றுக்கொடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. காலமெல்லாம் சைக்கிள் ஓட்டிய உடம்பு. இடது காலை வைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே ரெண்டு எட்டு ஓடி, தாவி ஏறுவதுதான் அவருக்குத் தெரியும். பேட்டரி வண்டியிலும் அப்படியே ஓடினார். கைப்பிடியை அழுத்திப் பிடித்ததில் முறுக்கிக்கொள்ள, வண்டி அவரை விட்டுவிட்டுக் கிளம்பியது. "ஏய், நில்லு! சொல்றேன்ல, நில்லு!" என்று அதட்டிக்கொண்டே பின்னால் ஓடினார். வண்டி போய் ஒரு புளியமரத்தில் முட்டி நின்றது. அப்புறம் உட்கார்ந்து கிளம்பக் கற்றுக்கொண்டார், ஆனால் உட்கார்ந்தபிறகும் இரண்டு காலும் காற்றில் பெடல் மிதித்துக்கொண்டிருந்தன.

"சாமி, கால சும்மா வைங்க."

"சும்மா குந்திக்கினு போறதுக்கு வெக்கமா கீதும்மா. யாரோ என்னைத் தள்ளிக்கினு போற மாதிரி கீது."

ஒரு வாரத்தில் கால் அடங்கியது. இரண்டு முறை மலை வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். அவர் வண்டியில், நான் என் சைக்கிளில். இரண்டு முறையும் வண்டி மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறியது. இறங்கும்போது மோட்டாரை அணைத்துவிட்டு வந்தார், அதே பழைய சிரிப்பு. எனக்குத் திருப்தி. சார்ஜ் எப்படிப் போடுவது, எத்தனை மணிக்குப் பிளக்கை எடுப்பது, பிரேக்கை எப்போது பிடிப்பது என்று எல்லாம் சொல்லியாயிற்று. ஒன்றை மட்டும் கேட்கவில்லை. பழைய சைக்கிள் ஏன் அப்படிப் பளபளவென்று இருந்தது என்று கேட்டிருக்கலாம். சுத்தமான மனிதர் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

கிருத்திகை வந்தது. விடியலிலேயே ஊர் நிரம்பிவிட்டது. படிக்கட்டு முழுக்கக் காவடி, ஊசி போட இடமில்லை. படி வழியே போனால் யாராவது இடிப்பார்கள், மடி கெடும். ஆகவே நடந்து போகிற நாகுவும் வண்டிப் பாதையில்தான் போயாக வேண்டும். ஈர வேட்டியோடு அவர் முன்னாலேயே விறுவிறுவென்று நடக்கத் தொடங்கியிருந்தார். நாங்கள் கிளம்பக் கொஞ்சம் தாமதம். மணி சாமி வீட்டுப் பின்பக்கம் ஏதோ தண்ணீர்ச் சத்தம் கேட்டது. குளிக்கிறார் என்று வாசலில் நின்றேன். அவர் வந்தபோது வண்டியும் சொட்டச் சொட்ட வந்தது. துடைத்தபோது ஈரமாகியிருக்கும் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

முதல் வளைவில் நாகுவைப் பிடித்துவிட்டோம். பேட்டரி வண்டிக்குத்தான் சத்தமே இல்லையே! மணி சாமி அவர் காதுக்குப் பக்கத்தில் போய், "மச்சான், ரேடியோ கேக்கலியா?" என்றார். நாகு பேய் அறைந்தது மாதிரி துள்ளிப் பாதை ஓரத்துக்குப் போய்விட்டார். மணி சாமி சிரித்துக்கொண்டே முன்னால் போனார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்கப் பின்னால் ஓடினேன். ஜெயித்தாயிற்று என்றே நினைத்தேன்.

அடுத்த வளைவில் வண்டி ஒரு இழுப்பு இழுத்தது. விக்கல் வந்த மாதிரி இரண்டு தரம் குலுங்கியது. அப்படியே நின்றுவிட்டது.

மணி சாமி சாவியை அணைத்து மறுபடியும் போட்டார். முள் முழுசாகச் சார்ஜ் இருக்கிறது என்று காட்டியது. வண்டி அசையவில்லை. நான் குனிந்து பார்த்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"சாமி, உள்ள எப்டி தண்ணி வந்தது?"

"குளிப்பாட்டினேன்."

"எத்த?"

"வண்டிய. சீட்டைத் தூக்கி உள்ளயும் ரெண்டு பக்கெட் ஊத்தினேன். பின்ன? ராத்திரி பூரா பிளக்குல சொருகிக் கெடந்தது. அந்தக் கரண்டு எந்தெந்தத் தெருவச் சுத்திகினு, யார் யார் ஊட்டத் தாண்டிகினு வருதோ? குளிப்பாட்டாம மேல கொண்டு போவலாமா? சைக்கிளையும் தினம் குளிப்பாட்டித்தானே எடுத்துக்கினு போவேன்?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மழையில் நனைந்தால் ஒன்றும் ஆகாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். மழை சீட்டைத் தூக்கிவிட்டுப் பெய்யாது என்று சொல்லவில்லை. ஒத்திகை பார்த்த இரண்டு நாளும் அவர் மடியில் இல்லை, அதனால் வண்டியும் குளிக்கவில்லை. நாடகத்துக்கு ஒத்திகை பார்த்தால் வேஷம் போட்டுத்தான் பார்க்க வேண்டும் பெண்களே. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பற்றி நாம் சொல்வது பாதிதான். விடிந்ததும் அந்த ஆள் அந்த வண்டியை என்ன செய்வார் என்பதை அவர் வாயால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்குள் காவடி எடுத்து வந்த ஒரு கூட்டம் எங்களைச் சூழ்ந்துகொண்டது. நல்ல ஜனங்கள். "சாமி, குந்துங்க, நாங்க தள்றோம்!" என்று நாலைந்து பேர் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். மணி சாமி சீட்டின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "தொடாதீங்க! தொடாதீங்க!" என்று கூவினார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "சாமி, சீட்டு ரப்பரு. டயரும் ரப்பரு. ரப்பர்ல கரண்டே போவாது, தீட்டு மட்டும் போவுமா? அவங்க பின்னாடி கம்பிய புடிச்சித் தள்ளட்டும், நீங்க சீட்ல மட்டும் குந்துங்க."

அவர் நிஜமாகவே யோசித்தார். "ஹேண்டில்பாரு இரும்பாச்சேம்மா?"

"அதுக்கும் ரப்பர் உறை கீது சாமி."

"பிரேக்கு?"

பிரேக் இரும்புதான். முதல் பாடமாக நானே சொல்லிக்கொடுத்த பிரேக்! அதைப் பிடிக்காதீர்கள் என்று மலைப்பாதையில் வைத்து நான் எந்த வாயால் சொல்வது? கூட்டத்தில் ஒருத்தர், "செருப்பு போட்டுகினு தள்ளினா?" என்றார். இன்னொருத்தர், "துண்ட சுத்திக்கினு தள்ளினா?" என்றார். ஆளுக்கு ஒரு சாஸ்திரம் சொன்னார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தள்ளுவது பெரிசில்லை. தள்ளி மேலே கொண்டுபோய்ச் சேர்த்தால், நாளைக்கு எவனாவது ஒருத்தன், "நான் என் கண்ணால பாத்தேன், ஊரே தொட்டுத் தள்ளிச்சு" என்பான். அந்த ஒரு பேச்சு போதும். அடுப்பு போய்விடும், மானமும் சேர்ந்து போகும். ரப்பர் நியாயம் என்னிடம் செல்லும், மாமாவிடம் செல்லாது. அவசரத்தில் நமக்குத் தோன்றும் சாமர்த்தியம் எல்லாம் நமக்குத்தான் அழகாக இருக்கும். அதன் பலனை அனுபவிக்கப்போவது வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஆள்.

மடி கெடாமல் அவரைத் தொடக்கூடிய ஆள், தானும் மடியில் இருக்கும் ஆள்தான். அந்த மலையில் அப்போது அப்படி இன்னொருத்தர்தான் இருந்தார். அவர் வளைவு திரும்பி வந்துகொண்டிருந்தார்.

நாகு எங்களைப் பார்த்தார். நின்ற வண்டியைப் பார்த்தார். ஒழுகும் தண்ணீரைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, வீட்டு வழக்கம் அவருக்குத் தெரியாதா? மீசைக்குள் சிரித்துக்கொண்டு எங்களைத் தாண்டி நடந்தார். மணி சாமி வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நாகு சாமி!" என்று கூப்பிட்டேன். "ஒரு கை குடுத்துட்டுப் போங்க."

அவர் நின்றார். "இன்னாம்மா, ஜோக்கு அடிக்கிற? நான் தள்ளிக் குடுத்து, நானே தோத்துப் போவணுமா?"

"உங்களத் தவிர யாரும் தொட முடியாதுங்க."

"தெரிதுல்ல? அப்ப நின்னுகினு இருங்க" என்று இரண்டு எட்டு வைத்தார். அப்புறம் திரும்பி வண்டியைப் பார்த்தார். மேலே பார்த்தார். மறுபடியும் வண்டியைப் பார்த்தார். "ஏம்மா, செத்துப்போன வண்டி, கீழ எப்டி எறங்கும்?"

"எறக்கத்துக்கு மோட்டார் எதுக்குங்க? பிரேக் நல்லா கீது. தானா போவும்."

"ரெண்டு பேரு குந்தலாமா?"

"எறங்கறதுக்குக் குந்தலாம்."

நாகு திரும்பி வந்தார். மணி சாமிக்கு எதிரில் நின்றார். அந்த ஆள் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. ஆத்திரம்தான் இருந்தது, அது அடுப்பைப் பற்றிய ஆத்திரம் இல்லை.

"எத்தினி வருசம் பாவா? நான் இந்த மலைய காலு கடுக்க எறங்கிகினு இருப்பேன். நீ சர்ருனு எம் பக்கத்துல போவ. பல்ல இளிச்சிகினு போவ. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'ஏறிக்கோடா மச்சான்'னு சொல்லியிருப்பியா?"

"கேரியர்ல ஆளு ஏத்தினா பிரேக்கு புடிக்காதுடா" என்றார் மணி சாமி.

"பாத்தியாம்மா? எப்பக் கேட்டாலும் இதான்! எனக்கு சைக்கிளு வராதுன்னு தெரியும். தெரிஞ்சிகினே போவாரு."

காவடிக்காரர்கள் காவடியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தர் மணி சாமியைப் பார்த்து, "தப்புதானே சாமி" என்றார்.

நாகு சொன்னார்: "இப்ப நான் தள்றேன். அடுப்ப நீயே வச்சிக்கோ. ஆனா மத்தியானம் என்னை பின்னாடி குந்த வச்சி கீழ வரைக்கும் எறக்கணும். இன்னிக்கு மட்டுமில்ல. நீ எறங்கற ஒவ்வொரு நாளும்."

சரி என்று தலையாட்டுவார் என்று பார்த்தேன். மணி சாமி கீழே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பருக்கும் இரும்புக்கும் யோசித்ததைவிட இதற்கு அதிக நேரம் யோசித்தார். அடுப்பு போகிறது, குடும்பப் பேர் போகிறது, வெயில் ஏறுகிறது, மனுஷன் யோசித்துக்கொண்டிருக்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாமி, சரின்னு சொல்லித் தொலைங்க!" என்று கத்திவிட்டேன்.

"கத்த மாட்டியே?" என்றார் மணி சாமி, மச்சானிடம்.

"கத்துவேன்" என்றார் நாகு.

மணி சாமி பெருமூச்சு விட்டார். "சரி, தள்ளு."

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. மணி சாமி வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, நாகு பின்னால் குனிந்து தள்ள, "வேகமா தள்ளுடா", "நீ குறுக்கால பேசாத பாவா", "இடது பக்கம் இழுக்குது", "இழுக்கும், நீ ஒழுங்கா புடி" என்று மலை முழுக்கச் சண்டை. காவடிக் கூட்டம் பக்கத்தில் அரோகரா போட்டுக்கொண்டே வந்தது. மேலே போகப் போக நாகு நின்று நின்று தள்ளினார். மணி சாமி இறங்கி நடக்கிறேன் என்றார். "குந்துய்யா, நடந்தா இன்னிக்குப் போய்ச் சேர மாட்ட" என்று நாகு அதட்டினார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதும் நம் வேலையில் ஒரு பகுதி, அது எனக்கு வாழ்க்கையில் சில நாள்தான் வாய்த்திருக்கிறது.

மடப்பள்ளி வாசலில் மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். மணி சாமி வண்டியிலிருந்து இறங்கி, காலை இழுத்து இழுத்து நடந்து வாசற்படியை மிதித்தார். அதற்கு அப்புறம்தான் நாகு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து மிதித்தார்.

"ஏண்டா நாகு, ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வந்தீங்க? நீ இன்னா ஒரு எட்டு பின்னாடி நிக்கிற?" என்று மாமா கேட்டார்.

"தள்றவன் பின்னாடிதானே மாமா வரணும்?" என்றார் நாகு.

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். மணி சாமியையும் பார்த்தார். "அப்ப அடுப்பு மணிக்கு. போங்க, பத்த வைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் வெளியே ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து, மனம்விட்டு ஒரு பாட்டம் அழுதேன். அன்றைக்கு வந்த பொங்கலில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

மத்தியானம் இறங்கினார்கள். இப்போது மடி கிடையாது, யாரும் யாரையும் தொடலாம். மணி சாமி முன்னால், நாகு பின்னால். பிரேக்கை மாற்றி மாற்றி விட்டுப் பிடியுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. நான் என் சைக்கிளில் ஏறித் தொடர்ந்தேன். முதல் வளைவில் நாகு, "ஐயோ பாவா" என்றார். இரண்டாவது வளைவில், "அய்யய்யோ!" என்றார். மூன்றாவதில் வார்த்தை எதுவும் இல்லை, தொண்டை கிழியக் கூச்சல்தான். கொஞ்ச தூரத்தில் அதோடு இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. கத்த மாட்டியே என்று கேட்டவரின் குரல் அது. என் சைக்கிளும் காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. புடவை பறக்க, கண்ணில் நீர் வர, நானும் கத்தினேன். பொம்பளை என்ன இப்படிக் கத்துகிறாள் என்று பார்த்தவர்களை நான் பார்க்கவில்லை.

சரிவு எதுவரை விட்டதோ அதுவரை உருண்டு, கடைத்தெரு தாண்டி வண்டி நின்றது. அங்கிருந்து இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார்கள். மெக்கானிக் சீட்டைத் தூக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். வெயிலில் காயவைத்துப் பேட்டரிப் பெட்டியைக் கழற்றித் துடைத்தால் சாயங்காலம் ஓடும் என்றார். நான் மணி சாமியை உட்காரவைத்து ஒரு பாடமே எடுத்தேன். பக்கெட்டே ஆகாது, கிணற்றுத் தண்ணியில் துணியை நனைத்துப் பிழிந்து மேலே மட்டும் துடைத்தால் போதும், சீட்டைத் தூக்கவே கூடாது, மீறினால் வண்டி மறுபடியும் பாதி மலையில் நின்றுவிடும், மீறாவிட்டால் யார் தயவும் இல்லாமல் தனியாகவே மலை ஏறிவிடலாம் என்று விரலை ஆட்டிச் சொன்னேன். மணி சாமி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும், "ஆங்... ஆங்..." என்று தலையாட்டினார்.

நான் மெக்கானிக்கிடம் பேசத் திரும்பினேன். நாகு நாற்காலியை இழுத்துப் பாவாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தலை கலைந்து, கண் சிவந்து, தொண்டை கட்டிப்போயிருந்தது. எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு குசுகுசுவென்று சொன்னார்:

"பாவா, அந்தம்மா பேச்சக் கேக்காத. நாளிக்கும் ரெண்டு பக்கெட் ஊத்து. நான் தள்றேன்."